கடல்மேல் மிதக்கும் கிணறு

திருப்பூர் மாவட்டத்துக் குண்டடம் பக்கம் தண்ணீர் என்றால் ஆழம்தான். மாடு பூட்டிக் கவலை ஓட்டிய காலத்துக் கிணறு அறுபது, எழுபது அடி. கரண்ட் மோட்டார் வந்ததும் பாறையில் வெடி வைத்து இன்னும் இறக்கினார்கள். அதுவும் வற்றியபோது கிணற்றின் அடியிலேயே போர் போட்டார்கள், பக்கச் சுவரில் சைடு போர் விட்டார்கள். இன்றைக்கு ரிக் வண்டி வந்து நின்று ஆயிரம் அடி இறங்கினாலும் யாரும் வேடிக்கை பார்க்க வருவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை மழையை மறித்துக்கொண்ட மண் இது. திருப்பூர் மாவட்டத்துக்கு ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 600 மில்லிமீட்டர் மழை. அடியில் இருப்பதோ கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளில் எங்கோ தேங்கிக் கிடக்கும் நீரை எட்டிப் பிடிக்க வேண்டும். ஆகவே கிணறு காய்ந்ததும் நம்மவர் வாயில் வரும் முதல் கேள்வி, “இன்னும் எத்தனை அடி போலாங்க?”

லட்சத்தீவின் தலைநகரான கவரத்தியில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அங்கே கிணறு ஆளுயரம். மிஞ்சினால் இரண்டாள் உயரம். தரை முழுக்கப் பவளம் உடைந்து குவிந்த வெள்ளை மணல். ஆறு இல்லை, ஏரி இல்லை, மலை இல்லை. எந்தப் பக்கம் நடந்தாலும் சில நிமிடங்களில் கடல் வந்துவிடும். அந்த மணலில் சில அடி தோண்டினால் குடிக்கத் தக்க தண்ணீர் ஊறுகிறது! இன்னும் ஆழமாகப் போனால் தண்ணீர் கூடாது, உப்பு வரும். போதாததற்கு, முதலில் கிடைத்த நல்ல தண்ணீரும் கெட்டுப்போகும்.

தீவுகளில் உள்ளூர் மக்களுக்கும் சுற்றுலாவுக்கும் நடக்கும் பிணக்கைப் பற்றி அடிக்கடி படிக்கிறோம். 2024 ஏப்ரல் 20 அன்று ஸ்பெயினின் கேனரி தீவுகளில் பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கி, தங்கள் தீவுகளுக்கு ஓர் எல்லை உண்டு என்று முழங்கினார்கள். வீட்டு வாடகை, நெரிசல், விலைவாசி, மது, பண்பாடு என்ற பெயர்களில்தான் இந்தச் செய்திகள் நமக்கு வந்து சேர்கின்றன. அவை எல்லாமே உண்மையான குறைகள். ஆனால் பவளத் தீவு ஒன்றில் இந்தப் பிணக்குக்குக் காலடியில், மணலுக்குள், ஓர் இயற்பியல் காரணமும் இருக்கிறது. அது புரிந்தால், தீவுக்காரர்கள் ஏன் அவ்வளவு பதறுகிறார்கள் என்பது வறண்ட காட்டில் வாழும் நமக்கு மற்ற எவரையும்விட நன்றாகவே விளங்கும் என்று நினைக்கிறேன்.

பவளத் தீவின் அடியில் இருக்கும் மணலும் பவளப் பாறையும் துளை நிறைந்தவை. கடல்நீர் பக்கவாட்டில் தாராளமாகப் புகுந்து தீவின் அடி முழுவதையும் நிறைத்திருக்கிறது. மழை பெய்கிறது. மணல் அதை அப்படியே உறிஞ்சுகிறது. மேலே ஓடி வீணாவது மிகக் குறைவு. உள்ளே இறங்கிய மழைநீர் உப்புநீரைச் சந்திக்கிறது. இரண்டும் உடனே கலந்துவிட வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் மணல் துகள்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் நீர் மிக மெதுவாகவே நகர்வதால், கலப்பு எல்லைப் பகுதியோடு நின்றுபோகிறது. நன்னீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால் கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. அதனால் நன்னீர், மோரில் மிதக்கும் வெண்ணெய்த் திரளைப்போல, உப்புநீரின் மேல் மிதக்கிறது. தீவின் நடுவில் தடித்து, கரையை நெருங்க நெருங்க மெலிந்து, கரையில் ஒன்றுமில்லாமல் முடிகிறது. இந்த வடிவத்துக்காக அறிவியலில் இதை நன்னீர் வில்லை என்கிறார்கள்.

அடர்த்திகளுக்கு இடையே உள்ள அந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்து ஒரு கணக்கு பிறக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அங்குல உயரம் நன்னீர் நின்றால், அதைத் தாங்குவதற்குக் கீழே நாற்பது அங்குலம் நன்னீர் இருக்கும். கிணற்றில் நம் கண்ணுக்குத் தெரிவது அந்த ஓர் அங்குலம்தான். பவளத் தீவுகளில் நிலத்தடி நீர் கடல் மட்டத்தைவிட ஒரு மீட்டர்கூட உயர்ந்து நிற்பதில்லை. அந்தச் சிறு உயரத்தை நம்பித்தான் கீழே உள்ள நன்னீர்ச் சேமிப்பு முழுவதும் மிதந்துகொண்டிருக்கிறது. நடைமுறையில் நாற்பது பங்கும் முழுதாகக் கிடைப்பதில்லை. மேலே உள்ள மணலுக்குக் கீழே, கடல் மட்டம் தாழ்ந்திருந்த பழங்காலத்தில் மழையால் அரிக்கப்பட்டுப் பெருந்துளைகள் விழுந்த சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. அதற்குள் வில்லை இறங்கினால் கடல்நீர் எளிதாகக் கலந்துவிடுகிறது. ஆகவே அந்த எல்லையோடு வில்லை வெட்டுப்பட்டு நிற்கிறது.

இந்தக் கணக்கைக் கண்டவர்களின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. நெதர்லாந்தின் இராணுவப் பொறியாளர் படோன் கைபன் 1880களின் இறுதியில் ஆம்ஸ்டர்டாம் அருகே கிணறு தோண்டுவது பற்றி ஆராய்ந்தபோது இதை எழுதினார். அவரைச் சாராமல் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்ட்ஸ்பெர்க் 1901இல் இதையே எழுதினார். ஹெர்ட்ஸ்பெர்க் வேலை செய்தது வட கடலில் உள்ள நோர்டர்னி என்ற மணல் தீவில். அது 1797 முதல் கடற்குளியலுக்குப் பெயர்பெற்ற சுற்றுலாத் தீவு. கோடையில் வந்து குவியும் பணக்கார விருந்தினருக்குக் குடிநீர் எங்கிருந்து கொடுப்பது என்பதுதான் அவர் முன் இருந்த கேள்வி. வட கடல் குளியல் ஊர்களுக்கான குடிநீர் என்ற பொருளில்தான் அவருடைய கட்டுரைக்குத் தலைப்பே இருந்தது. தீவு நீரியலின் அடிப்படை விதி ஒன்று சுற்றுலாவின் தாகத்திலிருந்து பிறந்திருக்கிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்ட கேள்வி இது. இன்று ஒரு தீவில் விடுதி கட்ட வருபவர் அதைக் கேட்காமல் வந்தால் அதற்கு மன்னிப்பே கிடையாது.

மோட்டார் போட்டால் என்ன நடக்கும்? கிணற்றின் நீர்மட்டம் ஓர் அங்குலம் தாழ்ந்தால், சமநிலைக் கணக்குப்படி கீழிருக்கும் உப்புநீர் நாற்பது அங்குலம் மேலேறப் பார்க்கும். கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாகக் கிளம்பி மேலே வரும். வாளி போட்டு இறைக்கிற வரை இந்த ஆபத்து இல்லை. இறைக்கும் வேகத்துக்கு மணலிலிருந்து நீர் ஊறி ஈடுகட்டிவிடும். ஒரே இடத்தில் பெரிய மோட்டார் ஓடினால்தான் கூம்பு கிணற்றைத் தொடும். ஒருமுறை கலந்த உப்பு மோட்டாரை நிறுத்தியதும் இறங்கிப் போய்விடாது. மழை வந்து மெல்ல மெல்ல அதைக் கழுவ வேண்டும். 2005இல் பசிபிக் கடலின் புகாபுகா தீவில் பெர்சி புயல் கடல்நீரை நிலத்தின் மேல் ஏற்றியது. அங்கே கிணற்றுநீர் மறுபடி குடிக்கத் தக்கதாக மாற ஏறத்தாழ 11 மாதம் ஆயிற்று. 2004 சுனாமிக்குப் பின் மாலத்தீவின் பல தீவுகளிலும் கிணறுகள் உப்பாகிப் போயின.

பவளத் தீவுக் கிணறுகளில் இன்னொரு அதிசயமும் உண்டு. கடலில் ஏற்றம் வரும்போது கிணற்றின் நீர்மட்டம் சற்று உயர்கிறது. வற்றம் வரும்போது தாழ்கிறது. கடற்கரையில் அலை ஓயாமல் அடிப்பதுபோல, தீவின் உள்ளே வீட்டு முற்றத்துக் கிணறும் நாள்தோறும் ஏறி இறங்குகிறது. குடிநீர் எதன்மேல் மிதக்கிறது என்பதைத் தீவுக்காரர் தம் கிணற்றிலேயே பார்க்கிறார். கெட்டிப் பாறையில் நீர் தேடும் நமக்கு இந்தக் காட்சி புதிது.

உப்புக் கூம்பு எழாமல் தண்ணீர் எடுக்க ஒரு வழி இருக்கிறது. கீழே போகாமல் பக்கவாட்டில் போக வேண்டும். துளையிட்ட குழாய்களை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே படுக்கையாக நீளப் பதித்து, வில்லையின் மேற்பரப்பை மட்டும் பரவலாக வழித்தெடுக்கிறார்கள். பசிபிக்கின் தராவா தீவில் இப்படி நூற்றுக்கணக்கான மீட்டர் நீளக் குழாய்கள் உள்ளன. நம் கொங்குக் கிணற்றின் சைடு போரும் பக்கவாட்டில் போகும் துளைதான். பாறையின் வெடிப்பை எட்டுவதற்காக நாம் பக்கவாட்டில் போகிறோம். உப்பை எழுப்பாதிருப்பதற்காக அவர்கள் போகிறார்கள்.

இதே இயற்பியலை நேரில் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. தனுஷ்கோடியில் இருபுறமும் கடல். நடுவே ஒரு மணல் நாக்கு. 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்தது. அதன்பின்னும் அங்கே தங்கிவிட்ட மீனவர் குடும்பங்கள், அலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் மணலைக் கையால் தோண்டி ஊறும் நன்னீரைத்தான் மொண்டு குடித்தன. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போடப்பட்ட பிறகு கார்களும் வேன்களும் அந்த முனை வரை போகின்றன. அந்த மணலில் விழும் எந்தக் கழிவுக்கும் ஊற்று தூரமில்லை.

இனி விருந்தினர் கணக்குக்கு வருவோம். 2001இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் ஸ்டெஃபன் கோஸ்லிங் என்ற ஆய்வாளர், தான்சானியாவின் சான்சிபார் தீவில் யார் எவ்வளவு தண்ணீர் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். உள்ளூர்வாசிக்கு ஒரு நாளைக்கு 48 லிட்டர். சிறிய விருந்தினர் இல்லத்தில் தங்கும் பயணிக்கு 248 லிட்டர். பெரிய ஹோட்டலில் தங்குபவருக்கு 931 லிட்டர். விருந்தாளி அவ்வளவையும் குளித்துத் தீர்ப்பதில்லை. ஹோட்டல்களில் பெரும்பங்கு தோட்டத்துக்குப் போனது. நீரைப் பிடித்து வைக்கத் தெரியாத மணலில் புல்வெளி வளர்க்க எவ்வளவு ஊற்றினாலும் போதாது. நீச்சல் குளம், துணி துவைப்பு எல்லாம் அதற்குப் பிறகு. இந்த மூன்று எண்களில் நடுவில் உள்ளதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். உள்ளூர்க்காரர் தம் வீட்டோடு சேர்த்து நடத்தும் சிறு இல்லத்துக்கும் ஆடம்பர ஹோட்டலுக்கும் ஏறத்தாழ நான்கு மடங்கு வித்தியாசம். சுற்றுலா வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் வாதிட்டால் இந்த நான்கு மடங்கு கண்ணில் படாமலே போய்விடும்.

பருவமும் தீவுக்கு எதிராக இருக்கிறது. லட்சத்தீவில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் மாவட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. அப்போது கடல் கொந்தளிக்கும், பயணிகள் வருவதில்லை. அக்டோபரில் வானம் தெளிகிறது, கடல் நீலமாகிறது, சுற்றுலாக் காலம் தொடங்குகிறது. அது முடிவது மே மாத வாக்கில். மழையால் வில்லை தடிக்கும் மாதங்களில் தீவில் விருந்தினர் இல்லை. அது நாளுக்கு நாள் மெலியும் மாதங்களில்தான் கூட்டம்.

மாலத்தீவு இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை கண்டது. 1972இல் குரும்பாவில் முதல் விடுதி திறந்தபின், ஒரு விடுதிக்கு ஒரு தீவு என்ற வழக்கம் அங்கே வேரூன்றியது. ஆளில்லாத தீவில் விடுதி. அது தன் தண்ணீரைக் கடலிலிருந்து தானே பிரித்தெடுத்துக்கொள்ளும். ஊர்த் தீவின் கிணற்றில் கை வைக்காது. தண்ணீரை மட்டும் வைத்துப் பார்த்தால் இது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த விடுதிகளின் பெரும்பணம் ஊர்த் தீவுகளுக்குப் போதிய அளவு வந்து சேரவில்லை என்ற குறை வளர்ந்தது. 2009 வாக்கில் மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் அனுமதிக்கப்பட்டன. வருமானம் ஊருக்குள் வந்தது. தண்ணீர்க் கேள்வியும் கூடவே வந்தது.

தலைநகர் மாலே தன் வில்லையை எப்போதோ இழந்துவிட்டது. நெருங்கி வாழும் மக்கள், வீட்டுக்கு வீடு கிணறு, பக்கத்திலேயே கழிவு இறங்கும் மணல். 1978இல் அங்கே காலரா பரவியது. பிறகு நகரம் கடல்நீரைச் சுத்திகரித்தே வாழப் பழகிக்கொண்டது. 2014 டிசம்பர் 4 அன்று அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தபோது சுமார் ஒரு லட்சம் பேருக்கு ஒரே நாளில் குடிநீர் இல்லாமல் போயிற்று. இந்தியா விமானங்களில் தண்ணீர் அனுப்பியது. ஐஎன்எஸ் சுகன்யா, ஐஎன்எஸ் தீபக் கப்பல்கள் விரைந்தன. வில்லையைத் தொலைத்த தீவுக்கு எந்திரம்தான் கிணறு. எந்திரம் நின்றால் இறைத்துக் குடிக்க வேறொரு கிணறு அங்கே இல்லை.

இதில் தமிழ்நாட்டின் பங்காக ஓர் அருமையான செயல் இருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் பொறியாளர்கள் 2005இல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஒரு நிலையத்தை அமைத்தார்கள். கடலின் மேற்பரப்பு நீர் சுமார் 28 டிகிரி. 350 மீட்டர் ஆழத்தில் உள்ள நீர் சுமார் 12, 13 டிகிரி. மேல்நீரைக் காற்று நீக்கிய கலனுக்குள் விட்டால், அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்த இளஞ்சூட்டிலேயே ஒரு பகுதி ஆவியாகிறது. ஆழத்திலிருந்து 600 மீட்டர் நீளக் குழாயில் ஏறிவரும் குளிர்நீர் அந்த ஆவியைக் குளிர்வித்து நன்னீராக்குகிறது. கொதிக்க வைக்கத் தேவையில்லை, சவ்வு வடிகட்டியும் தேவையில்லை. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். பிறகு மினிக்காய், அகத்தி தீவுகளுக்கும் இந்த முறை போனது. கடலின் இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தையே குடிநீராக்கியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது.

அந்த ஒரு லட்சம் லிட்டரைப் பங்கிட்டுப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் கவரத்தியில் 11,221 பேர். ஆளுக்குச் சுமார் ஒன்பது லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் போதும். சான்சிபாரின் பெரிய ஹோட்டல் கணக்கில் செலவழித்தால் அதே ஒரு லட்சம் லிட்டர் 107 விருந்தினருக்குத்தான் வரும். 2023 ஜனவரியில் தாஜ் ஹோட்டல்களை நடத்தும் நிறுவனம், சுஹேலி, கட்மத் ஆகிய இரு தீவுகளில் தலா 110 அறைகள் கொண்ட விடுதிகளை அறிவித்தது. சுஹேலியில் குடியிருப்பு இல்லை. கட்மத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அது நீண்டு ஒடுங்கிய தீவு. மிக அகலமான இடத்திலேயே சுமார் அரைக் கிலோமீட்டர்தான். தீவின் அகலம் பாதியானால் வில்லையின் நடுத் தடிமனும் பாதியாகும், அதில் நிற்கும் நீரோ கால் பங்காகிவிடும். ஒடுங்கிய தீவில் பிழை செய்ய இடமே கிடையாது. விடுதி தன் தண்ணீரைக் கடலிலிருந்தே எடுத்தாலும் கேள்விகள் தீரவில்லை. மிஞ்சும் உப்புக் கரைசலை எங்கே விடுவது? கழிவுநீரை மணலுக்குள் இறக்காமல் எப்படி வைப்பது? எந்திரம் நின்ற நாளில் யாருடைய கிணற்றில் மோட்டார் இறங்கும்?

லட்சத்தீவின் 36 தீவுகளையும் சேர்த்தால் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். குண்டடம் ஒன்றியத்தின் ஒரு மூலையில் அடங்கிவிடும். அதில் பத்துத் தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள். 2021இல் நிர்வாகி பிரஃபுல் கோடா படேல் காலத்தில் லட்சத்தீவு வளர்ச்சி ஆணைய ஒழுங்குமுறை வரைவு வந்தது. வளர்ச்சித் திட்டங்களுக்காக நிலத்தை எடுத்துக்கொள்ளும் விரிந்த அதிகாரத்தை நிர்வாகத்துக்குத் தர அது முனைந்தது. அதே ஆண்டு மே மாதம் கல்வி, சுகாதாரம், வேளாண்மை, மீன்வளம், கால்நடை ஆகிய துறைகள் மாவட்டப் பஞ்சாயத்தின் கையைவிட்டுப் போயின. மே 31 அன்று கேரளச் சட்டமன்றம் தீவு மக்களுக்கு ஆதரவாக ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. ஜூன் 7 அன்று தீவுக்காரர்கள் தத்தம் வீடுகளிலேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். சிலர் கடலுக்குள் மூழ்கிப் பதாகை பிடித்தார்கள். அவர்களை வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று சொன்னவர்கள் உண்டு. என் பார்வையில் அது அநியாயம். அங்கே நிலம் என்பது தென்னந்தோப்பும் வீட்டு மனையும் மட்டும் இல்லை. ஊரின் குடிநீர்த் தொட்டியின் கூரையும் அதுதான். அதன் எந்த மூலையில் யார் என்ன கட்டினாலும் எல்லார் கிணற்றையும் அது தொடும்.

திருப்பூரைச் சுற்றி வாழும் நமக்கு இந்தக் கதை தெரியும். பனியன் தொழில் ஓங்கிய 1990களில் சாயப்பட்டறைகளுக்குச் சுற்றுக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் போனது. விற்றவருக்குக் காசு வந்தது; பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கிணறு வற்றியது. சாயக் கழிவு நொய்யலில் கலந்து, 1992இல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் உப்பாகத் தேங்கியது. விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடச் சொன்னது. தொழிலையும் விட முடியவில்லை, தண்ணீரையும் விட முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறை கழிந்தது. நமக்காவது பவானியிலிருந்து குழாய் வந்தது. கட்மத்துக்கு எந்த ஆற்றிலிருந்து குழாய் போடுவது?

தீவுக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குப் பெருஞ்செலவும் இல்லை. நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை மின்கடத்துதிறன் காட்டும் சிறு கருவி சில நொடிகளில் சொல்லிவிடும். தீவின் நடுவிலும் கரையோரமும் சில கண்காணிப்புக் கிணறுகளைக் குறித்து, மாதாமாதம் அளந்து, அந்த எண்களை ஊரறிய எழுதி வைக்கலாம். விடுதிக்கு எத்தனை படுக்கை என்பதை அக்டோபர் மாதத்து நிறைந்த கிணற்றைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. மே மாதக் கடைசியில், மழைக்கு முந்தைய வாரத்தில், உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற எண்ணைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். அந்த எண் எல்லையைத் தாண்டிய ஆண்டில் புதிய அறை எதற்கும் அனுமதி தராமல் மறுக்கும் அதிகாரம், அந்தக் கிணற்றுநீரைக் குடிக்கிற தீவின் பஞ்சாயத்திடம் இருக்க வேண்டும்.